பால் எப்படி பெல்லாக்ராவைத் தடுத்தது? டிரிப்டோஃபேன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பருப்போ, முட்டையோ, மீனோ, எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அது செரிமானத்தில் உடைந்து அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. உடல் தனக்கு வேண்டிய புரதங்களை அவற்றிலிருந்து புதிதாகச் செய்துகொள்கிறது. இதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் வேண்டும். பதினொன்றை உடலே தயாரித்துக்கொள்ளும். மீதி ஒன்பதைத் தயாரிக்க நமக்கு வழி கிடையாது, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். இந்த ஒன்பதைத்தான் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம்.

ஒன்பதையும் ஒரே கட்டுரையில் சொல்லப் போனால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: டிரிப்டோஃபேன். ஒன்பதில் மிகக் குறைந்த அளவில் தேவைப்படுவது இதுதான். இருந்தாலும் இது குறைந்துபோன ஊர்களில் பெல்லாக்ரா என்ற கொடிய நோய் தலைமுறை தலைமுறையாக மக்களை வாட்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. "மனசு சந்தோஷமாக இருக்க இதைச் சாப்பிடுங்கள்", "நன்றாகத் தூக்கம் வர அதைச் சாப்பிடுங்கள்" என்று டிரிப்டோஃபேன் பெயரைச் சொல்லி இன்று இணையத்தில் சுற்றும் தகவல்களில் நிறைய அரைகுறை. அதன் உண்மையான கதை இவற்றைவிட எவ்வளவோ சுவாரசியமானது.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் டிரிப்டோஃபேன் தேவை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 240 மில்லிகிராம். அதே ஆளுக்கு லியூசின் என்ற இன்னொரு அத்தியாவசிய அமினோ அமிலம் 2,340 மில்லிகிராம் வேண்டும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆனால் குறைவாகத் தேவை என்பதால் இல்லாமலும் சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு புரதத்தைச் செய்யும்போது குறிப்பிட்ட இடத்தில் டிரிப்டோஃபேன் வர வேண்டும் என்றிருந்தால் அங்கே வேறு எதையும் வைக்க முடியாது, அது இல்லையென்றால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். கொழுப்பைச் சேமிப்பதுபோல அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்க உடலில் தனி இடமும் கிடையாது. ஒன்று பற்றாக்குறையானால் மற்றவை எவ்வளவு வந்தாலும் பெரும்பகுதி எரிபொருளாகத்தான் போகும்.

செடிகளும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் இதைத் தாங்களே தயாரிக்கின்றன. செடி வளர்வதற்கான ஆக்சின் என்ற ஹார்மோனும் பெரும்பாலும் டிரிப்டோஃபேனிலிருந்துதான் உருவாகிறது. டிரிப்டோஃபேனைத் தயாரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லாததால் நாம் செடியையோ, செடியைத் தின்ற விலங்கையோ நம்பி இருக்கிறோம்.

டிரிப்டோஃபேனைக் கண்டுபிடித்தவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும். ஆண்டு 1901. பால் புரதமான கேசீனிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தக் காலத்தில் புரதத்தை உடைக்க அதை அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைப்பதுதான் வழக்கம், ஆனால் அப்படிச் செய்தால் டிரிப்டோஃபேன் அழிந்துவிடும். இவர்கள் அமிலத்துக்குப் பதிலாகச் செரிமான நொதியைப் பயன்படுத்தினார்கள், அதனால்தான் இது கையில் சிக்கியது. கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு ஹாப்கின்ஸ்-கோல் சோதனை நினைவிருக்கும், சோதனைக் குழாயில் ஊதா நிற வளையம் வருமே, அது இந்த டிரிப்டோஃபேனால் வருவதுதான்.

1906இல் ஹாப்கின்ஸும் எடித் வில்காக்கும் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. எலிகளுக்குப் புரதமாக சீன் என்ற மக்காச்சோளப் புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். சீனில் டிரிப்டோஃபேன் இல்லை. எலிகள் சீக்கிரமே இறந்தன. அதே உணவோடு டிரிப்டோஃபேனைச் சேர்த்தபோது கூடுதல் காலம் உயிரோடு இருந்தன, ஆனால் வளரவில்லை. சீனில் லைசின் என்ற இன்னொரு அத்தியாவசிய அமினோ அமிலமும் இல்லை, அதுதான் காரணம். எத்தனை கிராம் புரதம் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் கணக்கல்ல, அந்தப் புரதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் கணக்கு என்று இந்தச் சோதனை காட்டியது.

சரி, உடலுக்குள் போன டிரிப்டோஃபேன் என்ன செய்கிறது? ஒரு பகுதி புரதங்களில் சேர்கிறது. புரதம் செய்தது போக மிஞ்சுவதில் ஏறக்குறைய 95 சதவீதம், முக்கியமாகக் கல்லீரலில், கைனுரெனின் பாதை என்று சொல்லப்படும் வழியில் உடைகிறது. அந்த வழியின் ஒரு கிளை முடிவில் நமக்குக் கிடைப்பது நியாசின் வேலையைச் செய்யும் பொருள். நியாசின் என்றால் வைட்டமின் பி3. மிகச் சிறிய பகுதி மட்டும் மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற பொருளாக மாறுகிறது, அந்தச் செரட்டோனினிலிருந்து மூளையின் பீனியல் சுரப்பி இரவில் தூக்கத்துக்கான மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. இணையத்தில் எல்லோரும் பேசுவது இந்தச் சிறிய பகுதியை மட்டும்தான். பெரிய பகுதியின் கதை பெல்லாக்ராவில் இருக்கிறது.

பெல்லாக்ரா என்பது ஒரு காலத்தில் ஏழைகளின் நோய். வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து, தடித்து, உரியும். கைகளின் மேல்புறம், பாதம், கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல ஒரு பட்டை. அப்புறம் வாய்ப்புண், நிற்காத வயிற்றுப்போக்கு, அதன் பிறகு மனக்குழப்பம். கவனிக்காமல் விட்டால் மரணம். 1735இல் ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியில் காஸ்பார் காசால் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார், அதன் பிறகு வட இத்தாலி முழுக்க இது பரவியது. இரண்டு இடங்களிலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளமே ஏழைகளின் முக்கிய உணவாக மாறியிருந்தது.

மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் மட்டும் ஏன் இந்த நோய் பெரிய தொல்லையாக இல்லை? அங்கே அதை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அதன் பிறகுதான் அரைத்து டோர்ட்டியா சுடுவார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் அது வேறு பொருள்களோடு பிணைந்து உடலுக்குக் கிடைக்காத நிலையில் இருக்கும், சுண்ணாம்பு அதை விடுவித்துவிடும். கூடவே பீன்ஸும் சாப்பிட்டார்கள். ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதைச் சமைக்கும் அறிவை எடுத்துப்போகவில்லை. அதற்கு அந்தக் கண்டத்தின் ஏழைகள் இருநூறு ஆண்டுக்காலம் விலை கொடுத்தார்கள். மக்காச்சோளத்தில் நியாசினும் கிடைக்காது, நியாசினாக மாற்றிக்கொள்ள டிரிப்டோஃபேனும் குறைவு. இரண்டு பக்கமும் அடி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் பிடித்தது. பருத்தி ஆலைத் தொழிலாளர்களும் குத்தகை விவசாயிகளும் மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு இந்த மூன்றையே மாதக்கணக்கில் தின்று வாழ்ந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காய்கறி போடக்கூட இடமில்லாமல் பருத்தியே நடப்பட்டிருந்தது. 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேருக்கு நோய் வந்தது, ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இது தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள்.

1914இல் ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவரை இதை ஆராய அனுப்பினார்கள். அவர் கவனித்தது மிக எளிய விஷயம்: மனநல விடுதியிலும் அனாதை இல்லத்திலும் உள்ளவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களோடு நாள் முழுக்கப் பழகும் பணியாளர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோய் ஆளைப் பார்த்தா தொற்றும்? சாப்பாடுதான் வேறு. மிசிசிப்பியில் இரண்டு அனாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார், நோய் மறைந்தது. அடுத்து 1915இல், விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் முன்வந்த சிறைக் கைதிகள் 11 பேருக்கு மக்காச்சோளமே பிரதானமான உணவைக் கொடுத்தார், 6 பேருக்குப் பெல்லாக்ரா வந்தது. இன்றைய அறநெறிப்படி இந்தச் சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அதன் பிறகும் நம்ப மறுத்தவர்களுக்காக அவரும் அவருடைய நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்கள் உடலில் ஊசி வழியே ஏற்றிக்கொண்டார்கள், அவருடைய மனைவியும் அதில் சேர்ந்துகொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை.

உணவில் என்னதான் குறைகிறது என்று அவரால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மிக நெருங்கி வந்துவிட்டார். 1922இல் அவரும் டேனர் என்பவரும் ஒரு நோயாளிக்கு டிரிப்டோஃபேனையே கொடுத்து முன்னேற்றம் கண்டு, இது அமினோ அமிலக் குறைபாடாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 1929இல் கோல்ட்பெர்கர் இறந்துபோனார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஹ்ஜெம் நியாசின்தான் மருந்து என்று காட்டினார். எல்லோரும் அமினோ அமிலத்தை மறந்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. பால் பெல்லாக்ராவை நன்றாகத் தடுக்கிறது, குணமும் ஆக்குகிறது, ஆனால் பாலில் நியாசின் மிகக் குறைவு. எப்படி? 1945இல் அதே விஸ்கான்சினில் கிரெல், டெப்ளி, சர்மா, எல்வெஹ்ஜெம் நால்வரும் பதிலைத் தந்தார்கள். மக்காச்சோளத்தால் வளர்ச்சி குன்றிய எலிகளுக்கு நியாசின் கொடுத்தாலும் சரியாகிறது, டிரிப்டோஃபேன் கொடுத்தாலும் சரியாகிறது. அதாவது உடல் டிரிப்டோஃபேனிலிருந்து நியாசினைத் தானே செய்துகொள்கிறது. பாலில் நியாசின் குறைவாக இருந்தாலும் அதன் புரதத்தில் டிரிப்டோஃபேன் நிறைய இருக்கிறது. எனக்கு ஊட்டச்சத்து வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. 1922இல் ஏறக்குறைய கையில் கிடைத்த விடை, 23 ஆண்டுகள் கழித்து முழுதாகக் கிடைத்தது.

இன்று நாம் வைத்திருக்கும் கணக்கு, சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேனுக்கு 1 மில்லிகிராம் நியாசின். ஒரு நாளில் 60 கிராம் நல்ல புரதம் சாப்பிட்டால் அதில் தோராயமாக 600 மில்லிகிராம் டிரிப்டோஃபேன், அதிலிருந்து சுமார் 10 மில்லிகிராம் நியாசின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மில்லிகிராம் போதும் என்னும்போது, இது பெரிய பங்கு. இந்த மாற்றம் நடக்க வைட்டமின் பி6, பி2, இரும்புச்சத்து ஆகியவையும் வேண்டும். தனியாக ஒரு சத்தைத் தூக்கிப் பிடித்துப் பேசுவது ஏன் சரிவராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் நம் பக்கத்துப் பங்கும் இருக்கிறது. தக்காணத்தில், குறிப்பாக ஹைதராபாத்தைச் சுற்றி, வெள்ளைச் சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற ஏழைகளுக்கும் பெல்லாக்ரா வந்தது. மக்காச்சோளம் அல்ல, நாம் சோளச்சோறு ஆக்கும் அதே சோளம். சேலத்தில் பிறந்தவரும் இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் முன்னோடியுமான சி. கோபாலன், ஸ்ரீகாந்தியா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1960இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு விளக்கம் எழுதினார்: சோளத்தில் லியூசின் அளவுக்கு மீறி இருக்கிறது, அது டிரிப்டோஃபேன் நியாசினாக மாறுவதைக் கெடுக்கிறது என்று. எல்லா ஆய்வகங்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, நீண்ட விவாதம் நடந்தது. ஆனால் ஒரே தானியத்தை மட்டும் நம்பியிருக்கும் ஏழ்மைதான் இதன் அடிப்படை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பருப்பு, மோர், கீரை என்று கலந்து சாப்பிடுகிறவர்கள் சோளத்தைக் கண்டு பயப்பட வேண்டியதே இல்லை.

இப்போது மூளைக்கு வருவோம். செரட்டோனின் என்றதும் மனநிலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பது குடலில். குடல் அசைவுக்கு அது வேண்டும். அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது. வாழைப்பழத்திலேயே செரட்டோனின் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதுவும் மூளைக்குப் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள வேண்டும், அதற்கு டிரிப்டோஃபேன் உள்ளே போயாக வேண்டும். அங்கேதான் சிக்கல். லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல்அலனின், டைரோசின் எல்லாமே அதே வழியாகத்தான் மூளைக்குள் நுழைகின்றன. காலை நேர டவுன் பஸ்ஸின் ஒற்றை வாசலில் கூட்டம் ஏறுவதைப்போல, எண்ணிக்கையில் குறைந்த டிரிப்டோஃபேன் பின்னால் தள்ளப்படும். ஆகவே முட்டையோ கோழியோ நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் டிரிப்டோஃபேன் கூடும், ஆனால் போட்டியாளர்கள் அதைவிட அதிகம் கூடுவார்கள்.

மாவுச்சத்து மட்டும் உள்ள உணவில் நிலைமை தலைகீழ். இன்சுலின் சுரந்து மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிடும், டிரிப்டோஃபேனுக்கு வழி கொஞ்சம் விடும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன்ஸ்ட்ராமும் வுர்ட்மனும் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஆனால் உணவில் சிறிதளவு புரதம் சேர்ந்தாலே இந்த விளைவு மங்கிவிடும். சாம்பார் சாதமே அதற்குப் போதும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்துக்கு டிரிப்டோஃபேனைக் காரணம் காட்டுவது பொருந்தாது, அந்த நேரத்தில் நம் உடலின் நாள்சுழற்சியிலேயே ஒரு தளர்வு உண்டு. அமெரிக்காவில் வான்கோழி தின்றால் தூக்கம் வரும், அதில் டிரிப்டோஃபேன் அதிகம் என்றொரு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் வான்கோழியில் கோழியைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை.

அப்படியானால் மனநிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. டிரிப்டோஃபேன் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவையைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை, ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு வந்து மருந்தில் குணமானவர்கள் சிலருக்கு அறிகுறிகள் தற்காலிகமாகத் திரும்பின. குறைந்தால் சிலருக்குப் பாதிப்பு என்பதிலிருந்து, அதிகம் சாப்பிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று தாவிவிடக் கூடாது. மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஒருவரை "பூசணி விதை தின்னுங்கள்" என்று திருப்பி அனுப்புவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

மாத்திரையாகவே விழுங்கலாமே என்று கேட்பவர்களுக்கு 1989ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் தூக்கத்துக்காகவும் மனநிலைக்காகவும் டிரிப்டோஃபேன் மாத்திரை தின்றவர்களுக்குக் கடுமையான தசைவலியும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மிகுதியாவதும் காணப்பட்டன. 1,500க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவை ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்த சரக்கோடு தொடர்புபட்டன, அதில் கலந்திருந்த மாசுப்பொருள்மீது சந்தேகம் விழுந்தது. இன்று தயாரிப்பு முறை மேம்பட்டிருந்தாலும், மனச்சோர்வுக்கான செரட்டோனின் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரைகளைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளவே கூடாது. செரட்டோனின் அளவுக்கு மீறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது? 100 கிராம் அரிசியில் சுமார் 80 மில்லிகிராம், ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அதே அளவு, ஒரு தம்ளர் பாலில் 80 முதல் 90, 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 250. எள் இன்னும் கூடுதல். ஆக, கலந்து சாப்பிடுகிற வீட்டில் 240 மில்லிகிராம் என்பது எளிதில் தாண்டக்கூடிய அளவு. அரிசியில் உண்மையில் குறைவது லைசின்தான், அதைப் பருப்பு ஈடுகட்டுகிறது. டிரிப்டோஃபேன் விஷயத்தில் அரிசி மக்காச்சோளத்தைவிட மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இப்போது பலரும் காசு கொடுத்து வாங்கும் கொலாஜன் பொடியில் டிரிப்டோஃபேன் அறவே கிடையாது. டப்பாவில் 10 கிராம் புரதம் என்று போட்டிருந்தாலும் அதை அன்றைய புரதக் கணக்கில் பருப்புக்கோ முட்டைக்கோ பதிலாக வைக்காதீர்கள்.

பெல்லாக்ரா இன்று நம் ஊரில் அரிது, ஆனால் போய்விடவில்லை. நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள், சாப்பாடு வெகுவாகக் குறைந்த முதியவர்கள், குடல் நோயால் சத்து உறிஞ்ச முடியாதவர்கள் ஆகியோருக்கு வரலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்து வைட்டமின் பி6ஐக் குறைப்பதால், டிரிப்டோஃபேன் நியாசினாக மாறுவது தடைப்பட்டு அதனாலும் வரலாம். மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கூடவே பி6 மாத்திரை எழுதித் தருவார்கள், அதை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். ஹார்ட்னப் நோய் என்ற அரிய பரம்பரைக் கோளாறில் குடலும் சிறுநீரகமும் டிரிப்டோஃபேனைச் சரியாக உள்ளே இழுத்துக்கொள்ளாது, 1956இல்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. சிலவகைக் குடல் கட்டிகள் டிரிப்டோஃபேனைப் பெருமளவு செரட்டோனினாக மாற்றித் தீர்த்துவிடும், அப்போதும் நியாசினுக்கு மிஞ்சாது. இப்படிப்பட்ட யாருக்காவது வெயில் படும் இடங்களில் மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரித் தோல் கறுத்து உரிந்தால், கூடவே வயிற்றுப்போக்கோ குழப்பமான பேச்சோ இருந்தால், வெறும் தோல் களிம்பு தடவிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நியாசின் வகை மருந்து தொடங்கினால் வாய்ப்புண்ணும் மனக்குழப்பமும் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும், தோல் ஆறத்தான் வாரக்கணக்கில் ஆகும்.